கத்திரி வெயிலும் மாதவிடாய் நிற்கும் வயதும்: தலித் பெண் தொழிலாளரின் உடலைச் சட்டம் எங்கே கைவிடுகிறது?

ஒவ்வொரு கோடையிலும் இரண்டு வகை அறிவுரைகள் நம்மை வந்தடைகின்றன. முதலாவது அரசினுடையது: நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே செல்ல வேண்டாம், தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் அருந்துங்கள், வெளிர்நிறப் பருத்தி ஆடை அணியுங்கள். இரண்டாவது மருத்துவப் பக்கங்களினுடையது: மாதவிடாய் நிற்கும் வயதில் உள்ள பெண்கள் குளிர்ச்சியான அறையில் இருங்கள், மின்விசிறியை அருகில் வைத்துக்கொள்ளுங்கள், திடீரென்று உடல் கொதித்தால் சற்று அமர்ந்து, முகத்தைக் கழுவி, குளிர்ந்த நீர் பருகுங்கள், இரவில் நன்றாக உறங்குங்கள்.

இரண்டுமே மருத்துவ அளவில் சரியான அறிவுரைகள்தாம். ஆனால் இரண்டும் ஒரே பெண்ணை மனத்தில் இருத்தி எழுதப்பட்டவை. அவருக்கு அறை இருக்கிறது. அந்த அறைக்குள் மின்விசிறி இருக்கிறது. கையெட்டும் தொலைவில் தண்ணீரும் கழிப்பறையும் இருக்கின்றன. வெளியே போவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையும் இருக்கிறது. விடியுமுன்னே தெருவைப் பெருக்கத் தொடங்கும் தூய்மைப் பணியாளருக்கும், தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தியில் நிற்பவருக்கும், செங்கல் சூளையில் கல் சுமப்பவருக்கும், வயலில் களை பறிப்பவருக்கும் இவற்றில் ஒன்றுகூட உறுதியில்லை. இவ்வேலைகளில் தலித் பெண்கள் எவ்வளவு பேர் என்பது இதை வாசிப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கோடையில் மாதவிடாய் நிறுத்தக் காலத்து உடற்கொதிப்பைச் சமாளிப்பது என்பது தனிமனிதப் பழக்கவழக்கம் பற்றிய கேள்வி அன்று. தண்ணீர், கழிப்பறை, நிழல், கூலி பறிபோகாத ஓய்வு ஆகிய நான்கும் யாருக்குக் கிடைக்கின்றன என்பதே கேள்வி. இந்த நான்கையும் நம் நாட்டில் சாதிதான் பங்கிட்டு வந்திருக்கிறது. பெண்ணின் உடல் பிள்ளை பெறும்வரை ஓரளவேனும் அதை ஏறிட்டுப் பார்க்கும் சட்டம், மாதவிடாய் நின்றதும் பார்வையை விலக்கிக்கொள்கிறது. இந்த இரண்டும் சேரும் இடத்தில் நிற்பவர்களைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

உடலில் நடப்பது என்ன?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டதாக மருத்துவம் கொள்கிறது. மேலை நாடுகளில் சராசரியாக 51 வயதில் நிகழும் இந்த மாற்றம், இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மாதவிடாய் முறை தவறத் தொடங்கும். உடற்கொதிப்பும் பெரும்பாலும் அப்போதே தொடங்கிவிடும். மருத்துவர்கள் இதனை 'ஹாட் ஃபிளாஷ்' என்கிறார்கள். 'குப்பென்று வேர்க்கிறது', 'உடம்பெல்லாம் எரிகிறது' என்று நம் பெண்கள் சொல்வது இதைத்தான்.

உடலின் வெப்பநிலையைக் காக்கும் மையம் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் இருக்கிறது. உடலின் உள்வெப்பம் சிறிது ஏறினாலும் இறங்கினாலும் அந்த மையம் வழக்கமாகப் பொறுத்துக்கொள்ளும். ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறையும்போது, இத்தொல்லைக்கு ஆளாகும் பெண்களிடம் அந்தப் பொறுதியின் எல்லை மிகவும் சுருங்கிவிடுகிறது. மிகச் சிறிய வெப்ப ஏற்றத்தையும் பேராபத்தாக மூளை எடுத்துக்கொள்கிறது. உடனே தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் வெம்மை ஏறுகிறது, நெஞ்சு படபடக்கிறது, வியர்வை பெருகுகிறது, அடங்கும்போது குளிர் நடுக்கமும் வரலாம். ஒருமுறை வந்தால் பொதுவாக 1 முதல் 5 நிமிடங்கள் வரை நீடிக்கும். ஒரு நாளில் பலமுறை வரக்கூடும்.

எத்தனை காலம் நீடிக்கும்? அமெரிக்காவில் பல இனப் பெண்களை நீண்டகாலம் தொடர்ந்து கவனித்த 'ஸ்வான்' ஆய்வு, அடிக்கடி இத்தொல்லைக்கு ஆளாகும் பெண்களிடம் அது 7.4 ஆண்டுகள் நீடிப்பதை நடுமதிப்பாகக் கண்டது. கறுப்பினப் பெண்களிடம் மட்டும் அது 10.1 ஆண்டுகள். ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்ணின் உடல் இம்மாற்றத்தை வேறுவிதமாக அனுபவிக்கக்கூடும் என்பதற்கு இது ஒரு சான்று. இங்கே அதே கேள்வியைச் சாதியை முன்னிறுத்திக் கேட்க வேண்டிய கடமை நம் மருத்துவ ஆய்வுலகுக்கு உண்டு.

இனி இதன்மேல் கோடையை வைத்துப் பார்ப்போம். வேலூர், திருத்தணி, ஈரோடு, கரூர் பரமத்தி ஆகிய இடங்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதன்று. கடலோர மாவட்டங்களில் வெப்பமானி அதைவிடக் குறைவாகக் காட்டினாலும், காற்றின் ஈரப்பதத்தால் வியர்வை உலர்வதில்லை. வியர்வை உலராவிட்டால் உடல் குளிர்வதில்லை. பொறுதி எல்லை சுருங்கிய ஓர் உடல், இந்த வெயிலில், கடும் உடலுழைப்பில் இருக்கும்போது இருமுனைத் தாக்குதலுக்கு உள்ளாகிறது.

களப்பணியாளர்கள் தெளிவாக அறிய வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. ஹாட் ஃபிளாஷ் சில நிமிடங்களில் தானே அடங்கும். அது உயிருக்கு ஆபத்தானது அன்று. வெயிலால் வரும் தளர்ச்சி அடங்காது. தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, கடும் சோர்வு எனத் தொடரும். பேச்சுக் குழறினாலும், நிலை தடுமாறினாலும், நினைவு தப்பினாலும், உடல் தொட்டாலே கொதித்தாலும் அது வெப்பவாதம், உயிர்போகும் நிலை. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நினைவோடு தளர்ந்திருப்பவருக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கலாம். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம்.

இந்த வேறுபாடு மங்கிப்போவதே பெரிய ஆபத்து. 'இந்த வயதில் இப்படித்தான் இருக்கும்' என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். பல ஆண்டுகளாகக் கொதிப்பைப் பொறுத்துப் பழகிய பெண்ணும் அப்படியே எண்ணிக்கொள்கிறார். வெப்பவாதத்தின் முதல் அறிகுறிகள் வயதின் பெயரால் தட்டிக்கழிக்கப்படுகின்றன.

தண்ணீர், கழிப்பறை, நிழல், ஓய்வு

மருத்துவர் சொல்லும் முதல் மருந்து தண்ணீர். ஆனால் 1927 மார்ச் 20 அன்று மகாடு நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களுடன் சென்று நீர் அருந்தியதே ஒரு போராட்டமாக இருந்த நாடு இது. 95 ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட செய்தி வந்தது. வயலில் வேலை செய்யும் பெண்ணுக்கு நிலத்துக்காரர் வீட்டுத் தண்ணீர் எந்தப் பாத்திரத்தில் வருகிறது, அது எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றப்படுகிறது என்பதை நம் கிராமங்கள் இன்னும் மறக்கவில்லை. கேட்டால் அவமானம் நேரும் என்றால், கேட்காமல் தாகத்தோடு இருப்பதே தன்மானம் என்று ஒருவர் முடிவெடுக்கிறார். அந்தத் தன்மானத்தின் விலையை அவரது சிறுநீரகம் கொடுக்கிறது.

இங்கே சட்டம் ஊமையாக இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவு, கிணறு, குளம், குழாய் உள்ளிட்ட பொது நீர்நிலைகளைப் பட்டியல் சாதியினர் பயன்படுத்துவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியுள்ளது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 18-ஆம் பிரிவில், 250 தொழிலாளர்களுக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் கோடையில் குளிரூட்டப்பட்ட குடிநீர் வழங்க வேண்டும் என்றது. குளிர்ந்த நீர் தொழிலாளரின் உரிமை என்பதை 75 ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொண்ட சட்டம் அதை ஆலையின் மதிலுக்குள்ளேயே நிறுத்திவிட்டது. வயலும் தெருவும் உப்பளமும் மதிலுக்கு வெளியே நின்றுவிட்டன.

தண்ணீர் கிடைத்தாலும் பல பெண்கள் குடிப்பதில்லை. காரணம் கழிப்பறை. தெரு தெருவாகக் குப்பை சேகரிப்பவருக்கு அவரது பணிப்பகுதியில் கழிப்பறை எங்கே இருக்கிறது? நகரத்தைத் தூய்மையாக வைத்திருப்பவர் தம் இயற்கை உபாதைக்கு யாரிடமோ கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஆகவே வேலை முடியும்வரை வாயை நனைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவால் சிறுநீர்ப் பாதையின் சவ்வு மெலிந்து, தொற்று எளிதில் பற்றும். நீரும் குறைந்து, சிறுநீரும் அடக்கப்பட்டால் தொற்று இரட்டிப்பு வேகத்தில் வருகிறது.

மூன்றாவது நிழல், அதனோடு சேர்ந்த உடை. பருத்தி அணியுங்கள் என்று அறிவுரை. சேலையின்மேல் காற்றுப் புகாத செயற்கை இழை மேல்சட்டையைச் சீருடையாகக் கொடுத்துவிட்டு அதைக் கழற்றினால் அபராதம் என்றால், அறிவுரையை மீறுபவர் யார்?

நான்காவது ஓய்வு. சில நிமிடங்களில் அடங்கும் கொதிப்புக்குத் தேவை சில நிமிட ஓய்வுதான். ஆனால் செங்கல் சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கரும்பு வெட்டில் எடைக்குக் கூலி. அமர்ந்த நிமிடமெல்லாம் கூலி இழப்பு. ஊரக வேலை உறுதித் திட்டத்தின் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பணியிடத்தில் குடிநீர், ஓய்வுக்கு நிழல், முதலுதவிப் பெட்டி ஆகியவை இருக்க வேண்டும் என்று தன் இரண்டாம் அட்டவணையில் எழுதிவைத்தது. அதே திட்டத்தில் 2023 ஜனவரி முதல் நாளுக்கு இருமுறை கைப்பேசிச் செயலியில் புகைப்படம் எடுத்து வருகையைப் பதிவது கட்டாயமாக்கப்பட்டது. விடியலின் குளிர்ச்சியில் தம் பங்கு மண்ணை வெட்டி முடித்த பெண்ணும் இரண்டாவது புகைப்படத்துக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. நிழலை எழுத்தில் கொடுத்த நிர்வாகமே வெயிலில் நிற்க வைத்தது. திட்டத்தின் பெயரும் சட்டமும் மாறலாம். இந்தக் கடமை மாறக் கூடாது.

இரவும் ஓய்வுதான். இரவு வியர்வையால் உறக்கம் கெடுவது மாதவிடாய் நிறுத்தக் காலத்தின் முதன்மையான தொல்லைகளுள் ஒன்று. பகலெல்லாம் காய்ந்த தகரக் கூரையும், காற்றோட்டமில்லாத தொகுப்பு வீடும் இரவில் வெப்பத்தை உமிழ்கின்றன. சென்னையின் நடுவிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் பெண்கள், பழைய இடத்துக்கே வேலைக்குச் செல்ல விடியுமுன் எழ வேண்டும். உறங்காத உடல் மறுநாள் வெயிலை இன்னும் குறைவாகவே தாங்கும்.

சட்டம் அறிந்த உடலும் அறியாத உடலும்

இந்தியச் சட்டம் உழைக்கும் பெண்ணின் உடலை அறியவே அறியாது என்று சொல்லிவிட முடியாது. 1928-இல் பம்பாய்ச் சட்ட மேலவையில் மகப்பேறு நலச் சட்ட முன்வரைவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றும், அதன் சுமையில் பெரும்பகுதி அரசுடையது என்றும், ஆயினும் பெண்ணின் உழைப்பால் ஆதாயம் பெறும் முதலாளி பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்றும் வாதிட்டார். உடலின் தேவையைத் தொழிலாளரின் சொந்தத் தொல்லையாக ஒதுக்காமல், வேலை தருபவரின் கணக்கில் சேர்த்த வாதம் அது. அரசமைப்பின் 42-ஆம் உறுப்பு நியாயமான, மனிதத்தன்மையுள்ள பணிச்சூழலையும் மகப்பேறு உதவியையும் ஒரே வரியில் சேர்த்து வைத்தது.

பின்னர் வந்த 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தைப் பாருங்கள். பேறுகாலத்துக்கு விடுப்பு, 2017 திருத்தத்துக்குப் பின் அது 26 வாரங்கள். கருச்சிதைவுக்கு ஆறு வாரங்கள். கருத்தடை அறுவைக்கு இரண்டு வாரங்கள். கரு உண்டாவது, பிறப்பது, சிதைவது, தடுக்கப்படுவது என்று கருப்பையின் ஒவ்வொரு நிலைக்கும் பிரிவு உண்டு. அது ஓய்வுபெறும் நிலைக்கு மட்டும் ஒரு சொல்லும் இல்லை. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் மகப்பேற்றுக்கு 18,000 ரூபாய் உதவி உண்டு. வரவேற்கத்தக்க திட்டம். 48 வயதுப் பெண்ணை நோக்கி அப்படி நீளும் கை எதுவும் இல்லை.

ஆய்வுகளும் இதே வழியில்தான் செல்கின்றன. தமிழ்நாட்டில் வெயிலில் உழைக்கும் பெண்கள் உட்பட 800 கர்ப்பிணிகளிடம் ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்வோருக்குக் கருச்சிதைவு, இறந்து பிறத்தல் ஆகியவற்றின் அபாயம் இருமடங்காவதை 2024-இல் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அந்த ஆய்வின் தேவையை யாரும் மறுக்க முடியாது. அதே வயலில் அதே வெயிலில் நிற்கும், மாதவிடாய் நின்ற பெண்ணைப் பற்றியும் அதே அக்கறையோடு கேட்க வேண்டும் என்பதே நம் வாதம்.

இங்கே இன்னொரு கணக்கும் உண்டு. ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது 39.5 என்றும், மேல்சாதிப் பெண்களுக்கு அது 54.1 என்றும் சுட்டியது. மாதவிடாய் நிற்கும் வயதுவரை வாழ்வதே நம் பெண்களுக்கு உறுதியில்லை என்று அந்த எண்கள் சொல்கின்றன.

வாழ்பவர்களிலும் பலருக்கு இம்மாற்றம் இயற்கையாக நிகழ்வதில்லை. மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடம் அரசு அமைத்த குழு 2019-இல் நடத்திய கணக்கெடுப்பில், ஏறத்தாழ 82,000 பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் கருப்பை அகற்றப்பட்டவர்கள் என்று தெரியவந்தது. மாதவிடாயால் வேலை நாள் குறைந்தால் கூலியும் போய் அபராதமும் விழும் என்ற அச்சம் அவர்களை அறுவைக்குத் தள்ளியது. பீகார், சத்தீஸ்கர், இராஜஸ்தான் மாநிலங்களில் தேவையற்ற கருப்பை நீக்கங்கள் நடந்ததைப் பற்றிய பொதுநல வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதங்களில் நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. அறுவையில் சினைப்பைகளும் எடுக்கப்பட்டால் மாதவிடாய் நிறுத்தம் ஒரே நாளில் நிகழ்ந்துவிடும். கொதிப்பும் கடுமையாக இருக்கும். சினைப்பைகளை விட்டுவைத்தாலும் அவை முன்கூட்டியே ஓய்வதுண்டு. கூலிக்காக 30 வயதில் கருப்பையை இழந்தவர், அதே கூலிக்காக மேலும் 20 ஆண்டுகள் வெயிலில் அந்த உடலோடு நிற்கிறார்.

கேட்காமலே கிடைக்க வேண்டிய உரிமை

அப்படியானால் மாதவிடாய் நிறுத்தத்துக்கெனத் தனி விடுப்பும் தனிச் சட்டமும் கேட்கலாமா? பிரிட்டனின் சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், மாதவிடாய் நிறுத்தத்தின் அறிகுறிகள் ஒருவரது அன்றாட வாழ்வை நீண்டகாலம் கடுமையாகப் பாதித்தால், அவை ஊனமாகக் கருதப்படலாம் என்றது. அப்போது பணிச்சூழலை மாற்றித் தருவது முதலாளியின் சட்டக் கடமை. இது முக்கியமான முன்னகர்வு. ஆயினும் பணியாணையும் மனிதவளத் துறையும் தீர்ப்பாயமும் உள்ள பணியாளருக்கே இவ்வழி எளிதில் திறக்கும்.

நம் சூழலில் இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது, வேலையிழப்பு. மாதவிடாய் விடுப்புக் கோரிய வழக்கை 2024 ஜூலையில் கேட்ட உச்ச நீதிமன்றம், கட்டாய விடுப்பு பெண்களை வேலைக்கு எடுப்பதையே முதலாளிகள் தவிர்க்கக் காரணமாகலாம் என்ற கவலையைத் தெரிவித்து, அரசு கொள்கை வகுக்கட்டும் என்றது. அந்தக் கவலையை உரிமை மறுப்புக்கான சாக்காக நாம் ஏற்க முடியாது. ஆனால் நாட்கூலிக்கு நிற்கும் 50 வயதுப் பெண்ணை 'நாளை வர வேண்டாம்' என்று சொல்ல எந்த நடைமுறையும் தேவையில்லை என்ற உண்மையை மறைக்கவும் முடியாது.

இரண்டாவது தடை நுட்பமானது. தனி விடுப்பு என்றால் ஒவ்வொரு முறையும் தம் உடலின் நிலையை மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். அவர் பெரும்பாலும் ஆண். பெரும்பாலும் ஆதிக்கச் சாதியினர். தலித் பெண்ணின் உடலைத் தீட்டென்றும் மலிவென்றும் மாறிமாறிப் பார்த்த கண்களுக்கு முன், தம் மாதவிடாயைப் பற்றி விளக்கம் தந்து ஐந்து நிமிட நிழலைப் பெறுவது உரிமையாகாது, இரப்பாகும்.

ஆகவே முதலில் நாம் கோர வேண்டியது, யாரும் எதையும் வெளிப்படுத்தாமல் எல்லோருக்கும் கிடைக்கும் வெப்பக்கால உரிமைகள். நிழலும் நீரும் கழிப்பறையும் கூலியோடு கூடிய இடைவேளையும் பணியிடத்தின் விதியாகிவிட்டால், கொதிப்பு வந்த பெண் காரணம் சொல்லாமலே அமரலாம். கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் சிறுநீரக நோயாளிக்கும் அதுவே காப்பு. இது நடக்கக்கூடியதே. கேரளத் தொழிலாளர் துறை கோடைதோறும் நண்பகல் 12 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலையை நிறுத்தி வேலை நேரத்தை மாற்றியமைக்கிறது. தமிழ்நாடு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திக் கடை ஊழியர்களுக்கு அமரும் உரிமையை வழங்கியது. கடைக்குள் நிற்பவர் அமரலாம் என்றால், தெருவில் நிற்பவர் ஏன் அமரக் கூடாது?

சட்ட அடித்தளமும் வலுவாக உள்ளது. தொழிலாளரின் உடல்நலம் 21-ஆம் உறுப்பின் பகுதி என்று 1995-இல் நுகர்வோர் கல்வி, ஆராய்ச்சி மைய வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தட்பவெப்ப மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை 14, 21-ஆம் உறுப்புகளில் அடங்கும் என்று 2024 மார்ச்சில் ரஞ்சித்சிங் வழக்கில் கூறியது. வெப்பம் எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை என்ற உண்மையை இவ்விரு தீர்ப்புகளோடும் 17-ஆம் உறுப்போடும் சேர்த்து வாதிடுவது நம் தலைமுறை வழக்கறிஞர்களின் வேலை.

ஒப்பந்த முறை இதில் பெரிய ஓட்டை. சென்னையில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்கு மாற்றப்பட்டதை எதிர்த்து, 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் நடந்த போராட்டத்தில் பெருந்திரளாக அமர்ந்திருந்தவர்கள் பெண்கள். ஒப்பந்தம் கைமாறும்போது கூலி மட்டும் மாறுவதில்லை. 'தண்ணீரும் கழிப்பறையும் யார் தர வேண்டும்' என்ற கேள்விக்கு விடை சொல்லும் ஆளும் காணாமல்போகிறார். 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் தவறினால் முதன்மை முதலாளியே இவ்வசதிகளைத் தர வேண்டும் என்று 20-ஆம் பிரிவில் கூறியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஒப்பந்தத் தொழிலாளரின் நல வசதிகளை நேரடியாக முதன்மை முதலாளியின் பொறுப்பாக்கியுள்ளது. மாநகராட்சி 'எங்கள் ஆள் அல்லர்' என்று கைவிரிக்க இடமில்லை. அதே வேளையில், பொதுவாகப் பத்துத் தொழிலாளர்களுக்குக் குறைவான இடங்களை அத்தொகுப்பு தொடுவதில்லை. வீட்டு வேலை செய்யும் பெண்ணும் சிறு வயலில் கூலிக்குச் செல்லும் பெண்ணும் மீண்டும் மதிலுக்கு வெளியேதான்.

மருத்துவம் எங்கே?

பணியிட வசதி மட்டும் போதாது, சிகிச்சையும் உரிமைதான். ஹாட் ஃபிளாஷுக்கு மிகுந்த பலன் தருவது ஹார்மோன் சிகிச்சை. மார்பகப் புற்றுநோய், இரத்த உறைவு, கல்லீரல் நோய் போன்றவை இருந்தவர்களுக்கு அது பொதுவாகப் பொருந்தாது. ஆகவே மருத்துவர் ஆராய்ந்தே தர வேண்டும். ஹார்மோன் அல்லாத மருந்துகளும் உள்ளன. மருந்து வேண்டாதவர்களுக்கு மனநலப் பேச்சு சிகிச்சையின் ஒரு வகையும் பலன் தருவதாக வழிகாட்டு நெறிகள் ஏற்கின்றன. நகரத்துத் தனியார் மருத்துவமனைகளில் மாதவிடாய் நிறுத்தத்துக்கெனத் தனிப் பிரிவுகள் திறக்கப்படும் காலத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லும் கூலித் தொழிலாளிக்கு 'வயதானால் வருவதுதான்' என்ற பதிலும் ஒரு சத்து மாத்திரையும் மட்டும் கிடைப்பது நியாயமாகாது.

எல்லா வியர்வையையும் மாதவிடாய்க் கணக்கில் எழுதுவதும் தவறு. இரவு வியர்வையோடு தொடர் இருமலும் எடைக்குறைவும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை வேண்டும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்தாலும் குப்பென்று வியர்க்கும். தைராய்டு மிகையும் இப்படித் தோன்றும். மார்பு வலியோடு வரும் வியர்வை இதயத்துடையதாக இருக்கலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்தப் படிவத்தில் 40 வயதைக் கடந்த பெண்களிடம் கேட்க மாதவிடாய் நிறுத்தம் பற்றிய மூன்று கேள்விகளைச் சேர்க்கப் பெருஞ்செலவு ஆகாது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, கணக்கு. உங்கள் மாவட்டத்தின் வெப்பச் செயல்திட்டத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேளுங்கள். அதில் தூய்மைப் பணியாளருக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் என்ன இருக்கிறது, அதற்கு எவ்வளவு நிதி, எத்தனை நிழற்கூடங்களும் கழிப்பறைகளும் உண்மையில் உள்ளன என்று கேளுங்கள். கல்லூரி மாணவர்கள் ஒரு வார்டை எடுத்துக்கொண்டு, பணியிடத்திலிருந்து கழிப்பறைவரை உள்ள தொலைவை அளந்து வரைபடமாக்கினால், அது நீதிமன்றத்திலும் பயன்படும் ஆவணம்.

இரண்டாவது, மரணப் பதிவு. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அதைப் பெற மரணக் காரணம் உரிய அலுவலரால் சான்றளிக்கப்பட வேண்டும். வேலையிடத்தில் சரிந்த 50 வயதுப் பெண்ணின் மரணம் 'மாரடைப்பு' என்று எழுதப்பட்டு, உடற்கூறாய்வு இன்றி அடக்கம் செய்யப்பட்டால் அந்த உரிமை அங்கேயே முடிந்துவிடும். ஆகவே விழுந்த நேரம், இடம், செய்த வேலை, அன்றைய வெப்பநிலை, தொட்டபோது உடல் இருந்த சூடு, உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள், உடற்கூறாய்வை வலியுறுத்துங்கள்.

மூன்றாவது, கோரிக்கை. திறந்தவெளி வேலை அனைத்துக்கும் கோடையில் நண்பகல் நிறுத்தம். அதற்குக் கூலிக் குறைப்பு கூடாது. அளவுக்கூலி வேலைகளில் இடைவேளைக்கும் கூலி. ஒவ்வொரு தூய்மைப் பணிப் பகுதியிலும் நடந்து சேரும் தொலைவில் கழிப்பறையும் குடிநீரும் அமரும் இடமும். பருத்திச் சீருடை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாதவிடாய் நிறுத்த ஆலோசனையும் மருந்தும். பத்துப் பேருக்குக் குறைவான பணியிடங்களுக்கும் வீட்டுப் பணியாளர்களுக்கும் பொருந்தும் மாநில வெப்பப் பாதுகாப்பு விதிகள்.

நான்காவது, பேச்சு. சங்கக் கூட்டங்களில் கூலியும் ஒப்பந்தமும் பேசப்படுகின்றன. 45 வயதைக் கடந்த பெண்களின் உடல் பேசப்படுவதில்லை. நம் இயக்கங்களின் மேடைகளை நிரப்புபவர்களும், காவல் நிலைய வாசலில் விடியும்வரை உட்கார்ந்திருப்பவர்களும் அந்த வயதுப் பெண்களே. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாக எழுதுங்கள். அவர்களே பேசட்டும், நாம் குறிப்பெடுப்போம். கத்திரி வெயில் தொடங்குவதற்குள் அந்தக் குறிப்புகள் மனுக்களாக மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களைச் சென்றடைய வேண்டும்.